சுமையைத் தூக்குமுன் ஒரு நிமிஷம்

(திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் கோவில் திருவிழா தொடங்குகிறது. விறகு வரப்போகிறது. அரிசி மூட்டை, மா மூட்டை, தேங்காய் மூட்டை எல்லாம் லொறியில் வந்து ரோட்டில் இறங்கப்போகிறது. அங்கிருந்து கோவில் வரைக்கும் எழுபது படி. வாலிபப் பிள்ளைகள் ஒரு மூட்டையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். அதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சைப் பேசிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு உங்களைக் கூப்பிட்டேன்.

"தூக்குறதுக்கும் ஒரு வகுப்பா ஐயா? நாங்க பிறந்த நாள்ல இருந்து தூக்கிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று ஒரு அக்கா வரும்போதே கேட்டார். உண்மைதான். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை வைத்த காலம் தொட்டு இந்த மலையில் எல்லாமே நம்முடைய தலையிலும் முதுகிலும்தான் ஏறி இறங்கியிருக்கிறது. அதனால்தான் வகுப்பு தேவைப்படுகிறது. தினமும் செய்கிற வேலையைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

முதலில் என்னுடைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டு. எனக்கு இந்த உத்தியோகம் இல்லாத காலம். டவுனில் ஒரு கடையில் மூட்டை இறக்குகிற வேலை. ஐம்பது கிலோ சீனி மூட்டை. லொறிக்குப் பக்கத்தில் பெடியன்கள் நாலு பேர் நின்றார்கள். "அண்ணன் ஒத்தையில தூக்குவாரு பாருங்க" என்றான் ஒருவன். அந்த வார்த்தை போதும். காலை நீட்டியபடியே குனிந்து, மூட்டையைப் பிடித்து இழுத்து, தூக்கிய வாக்கிலேயே பக்கவாட்டில் திரும்பினேன். இடுப்பில் 'படக்' என்று ஒரு சத்தம். அது எனக்கு மட்டும்தான் கேட்டது. மூட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். கை தட்ட இருந்தவர்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார்கள்.

ஐந்து வாரம் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. இடது காலில் குதிகால் வரைக்கும் மின்சாரம் பாய்கிற மாதிரி வலி. அந்த ஐந்து வாரமும் வீட்டுக்குத் தண்ணீர் யார் எடுத்தது? என் அம்மா. மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, பீலியில் இருந்து எனக்கும் சேர்த்து இருபது லீட்டர் கேன் கேனாகத் தூக்கினார்கள். அப்போது அவர்களுக்கு நாற்பத்தாறு வயது. அம்மாவுக்கும் உடம்பில் ஒரு கோளாறு இருந்தது. அது எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடுப்புக்குள் என்ன நடக்கிறது?

முதுகெலும்பு ஒரே கம்பு இல்லை. கழுத்தில் இருந்து இடுப்பு வரைக்கும் 24 சின்ன எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ரப்பர் மாதிரி மெத்தைகள் இருக்கின்றன. லொறிக்கு ஸ்பிரிங் பட்டை எப்படியோ அப்படி. நாம் நிமிர்ந்து நின்றால் பாரம் மெத்தை முழுக்கப் பரவி விழும். குனிந்தால் முன்பக்கம் நசுங்கிப் பின்பக்கம் பிதுங்கும். குனிந்தபடி திரும்பினால் துணி பிழிகிற மாதிரி அந்த மெத்தை முறுகும். ஒரு நாள் அது பிதுங்கிப் பக்கத்தில் போகிற நரம்பை அழுத்தும். அந்த நரம்புதான் காலுக்குப் போகிறது. இடுப்பில் அடிபட்டுக் காலில் வலிப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது விஷயம், பாரம் உடம்பில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு கிலோ சீனிப் பக்கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு கையை நேராக நீட்டிப் பிடியுங்கள். அதே ஒரு கிலோதான். ஆனால் ஒரு நிமிஷத்தில் கை நடுங்கும். பாரம் தள்ளிப்போகப் போக இடுப்பில் விழுகிற சுமை பல மடங்காகும்.

மூன்றாவது, எந்த உயரத்தில் இருந்து தூக்குகிறோம் என்பது. பிரித்தானியாவில் வேலைத்தளப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்கப் பகுதி ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டினாற்போலத் தூக்குவதென்றால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும் என்கிறார்கள். அதையே தரையில் இருந்து குனிந்து தூக்குவதென்றால் ஆணுக்கு 10 கிலோ, பெண்ணுக்கு 7 கிலோதான். ஆளும் ஒன்று, பாரமும் ஒன்று. வைத்திருக்கிற இடம் மாறினால் கணக்கு மாறுகிறது.

நம்முடைய கணக்கைப் பாருங்கள். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லீட்டர் கேன் இருபது கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு ஐந்து கேன் என்று வைத்தால் 100 கிலோ. மாதத்துக்கு 3000 கிலோ, அதாவது மூன்று டன். ஒரு சின்ன லொறிச் சுமையை மாதா மாதம் ஒரு பொம்பளை தன் இடுப்பில் சுமக்கிறார். இது வீட்டுத் தண்ணீர் மட்டும். கொழுந்தையும் விறகையும் பிள்ளையையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

தூக்குகிற முறை

இந்த முறையை இங்கே தண்ணீர்க் கேனை வைத்துச் செய்து காட்டினேன். வராதவர்களுக்காக எழுதித் தருகிறேன்.

1. முதலில் பாருங்கள். எங்கே கொண்டுபோகப் போகிறோம், வழியில் பாசி படிந்த படி இருக்கிறதா, கான் இருக்கிறதா, எங்கே இறக்கி வைப்பது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

2. காலால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், அல்லது ஒரு பக்கமாகச் சரித்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அது தனியாள் சுமை இல்லை.

3. பாரத்துக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைத்து, ஒரு கால் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும்.

4. இடுப்பை ஒடிக்காமல் முழங்காலை மடக்குங்கள். பாரத்தை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுக்கும்போது எப்படி நெஞ்சோடு அணைக்கிறோமோ அப்படி.

5. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீங்க. மூச்சை விட்டுக்கொண்டே, காலின் பலத்தில் எழும்புங்கள். இழுத்து வெட்டித் தூக்கக் கூடாது.

6. திரும்ப வேண்டும் என்றால் பாதத்தை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்புங்கள். இடுப்பை மட்டும் திருப்பக் கூடாது. நான் செய்த பிழை இதுதான்.

7. இறக்கும்போதும் அதே மாதிரிதான். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம் என்று 'தொப்'பென்று போடுகிற நேரத்தில்தான் பாதிப் பேருக்குப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் ஞாபகம் வையுங்கள். படுத்து எழும்பியதும் முதுகு மெத்தைகள் இரவு முழுக்க நீர் ஊறி உப்பியிருக்கும். அந்த நேரம் குனிந்து தூக்கினால் சீக்கிரம் அடிபடும். நம்முடைய வழக்கம் என்ன? விடியற்காலை எழும்பின கையோடு, குளிரில் விறைத்த உடம்போடு, நேராகப் பீலிக்கு ஓடுவது. முடிந்தால் முதல் நாள் பின்னேரமே ஒரு கேன் நிரப்பி வையுங்கள். காலையில் தேத்தண்ணி வைத்து, வீடு கூட்டி, உடம்பு சூடான பிறகு மற்றக் கேனுக்குப் போகலாம்.

தூக்காமல் இருப்பதே நல்ல தூக்கல்

முறையாகத் தூக்குவதை விட நல்லது தூக்குகிற தேவையையே குறைப்பது. அதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை.

தண்ணீர்: கேனைத் தரையில் வைத்து நிரப்பாதீர்கள். பீலிக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்லு மேடை கட்டுங்கள். நம் மேல் லயத்துப் பிள்ளைகள் ஒரு சிரமதான நாளில் இரண்டு மேடை கட்டி முடித்தார்கள். இருபது லீட்டர் கேன் ஒன்றுக்குப் பதிலாகப் பத்து லீட்டர் கேன் இரண்டை இரண்டு கையிலும் எடுங்கள். உடம்பு ஒரு பக்கம் சரியாது. வீட்டில் பெரிய பரலை நிரப்ப, கேனைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்க்க வேண்டாம். கேனை உயரமான ஒரு இடத்தில் வைத்து, ஒரு கஜம் ரப்பர் குழாயில் தண்ணீரை நிரப்பிக் கேனுக்குள் ஒரு முனையையும் பரலுக்குள் மறு முனையையும் விட்டால் தண்ணீர் தானாக இறங்கும். ஏற்றுவதைக் குழாய் செய்யாது, இறக்குவதைச் செய்யும்.

கொழுந்து: அந்தக் காலத்துப் பிரம்புக் கூடை போய், இப்போது நிறைய இடத்தில் வலைப் பையும் உரப்பையும் வந்துவிட்டது. கயிறு இன்னும் தலையில்தான். பாரம் முழுக்கக் கழுத்தில் விழுகிறது. மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். நெறை முடியட்டும் என்று கழுத்தளவு திணித்துக்கொண்டு நிற்காதீர்கள். பாதி நிறைந்ததும் படங்கில் கொட்டி வையுங்கள். தோளில் இரண்டு பக்கமும் மாட்டுகிற வார் தைத்துக்கொண்டால் கழுத்துக்கு நல்லது. நிறை பார்க்கப் போகும்போது மூட்டையைத் தலையில் ஏற்ற, பக்கத்தில் இருப்பவர் கட்டாயம் கை கொடுக்க வேண்டும். அவர் எந்த யூனியன், எந்த லயம் என்று பார்க்க வேண்டாம். கொழுந்து நிறுக்கிற இடம் தூரமாக இருந்தால் தலைவர் மூலமாகக் கேளுங்கள். கேட்பது குற்றம் இல்லை.

விறகு: நீளக் கட்டை ஒன்றைத் தனியாகத் தோளில் வைத்து இறக்கத்தில் வருவதுதான் ஆபத்து. வெட்டிச் சின்னக் கட்டாகக் கட்டி இரண்டு நடையாக வாருங்கள். கட்டுக்கயிற்றை நெற்றியில் மாட்டுவதை விட்டுவிடுங்கள்.

கேஸ்: பெரிய சிலிண்டரில் கேஸ் மட்டும் 12.5 கிலோ. இரும்பின் பாரம் அதற்கு மேல். அந்த எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும். படியில் அதைத் தனியாகத் தூக்காமல் இரண்டு பேராக வளையத்தில் பிடித்து வாருங்கள்.

திருவிழா அண்டா: இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நாற்பது லீட்டர் கொதிதண்ணி உள்ள அண்டா அண்டாவோடு சேர்த்து ஐம்பது கிலோவைத் தொடும். பாரமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது, உள்ளே தண்ணீர் ஆடவும் செய்கிறது. கை வழுக்கினால் இடுப்போடு போகாது, தோலும் போகும். ஆகவே நிறைந்த அண்டாவை அடுப்பில் இருந்து தூக்கவே கூடாது. வெறும் அண்டாவை முதலில் அடுப்பில் வைத்து, அங்கேயே வாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். வெந்த சோற்றையும் அங்கேயே அகப்பையால் அள்ளிச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அண்டாவை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் முக்கால்வாசி காலியான பிறகு, நெருப்பை இழுத்துவிட்டு, கைப்பிடிக்குள் காவுதடி போட்டு, ஒரே உயரமான இரண்டு பேர் தூக்குங்கள். ஒருவர் மட்டும் "ஒன்று, இரண்டு, தூக்கு" என்று சொல்லட்டும். அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் வரக்கூடாது. மூட்டைக்கும் இதே சட்டம்தான். ரோட்டில் இருந்து கோவில் வரை வரிசையாக நின்று, அரிசியைச் சின்னப் பையாகப் பிரித்துக் கைமாற்றினால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இந்த வருஷம் கை தட்டுவது அந்த வரிசைக்காக இருக்கட்டும்.

பிள்ளைகள்: பத்து வயதுப் பிள்ளையிடம் இருபது லீட்டர் கேனைக் கொடுத்து அனுப்பாதீர்கள். வளருகிற எலும்பு அது. பள்ளிக்கூடப் பை கூட, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஐந்து லீட்டர் போத்தலைக் கொடுங்கள். உதவி செய்த மாதிரியும் இருக்கும்.

பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

முன்பெல்லாம் ஒரு மாதம் பலகையில் படுக்கச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் படுத்தேன். அதனால்தான் எழும்பவும் ஐந்து வாரம் ஆனது. இப்போது டாக்டர்மார் அப்படிச் சொல்வதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். பிறகு வலி தாங்குகிற அளவுக்கு மெதுவாக நடமாடுங்கள். சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கலாம். சித்தாலேப பூசலாம். ஆனால் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது, ஆள் தெரியாதவரிடம் எலும்பைத் திருகக் கொடுப்பது வேண்டாம்.

இன்னொன்று, நம்முடைய ஆண்களுக்கு. "உடம்பு வலிக்குத்தான் ஐயா ஒரு போத்தல்" என்று சொல்கிறார்கள். பியராக இருந்தாலும் சாராயமாக இருந்தாலும், களவாகக் காய்ச்சுகிற கசிப்பாக இருந்தாலும், அது வலியை மறக்க வைக்குமே தவிர காயத்தை ஆற்றாது. வலி தெரியாத உடம்பு அடுத்த நாளும் அதே மாதிரி தூக்கும். சின்னக் காயம் பெரிய காயமாகும். வலி என்பது வீட்டு நாய் குலைக்கிற மாதிரி. நாயின் வாயைக் கட்டினால் கள்ளன் போய்விட மாட்டான்.

கீழே சொல்கிறவை இருந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். காலில் பலம் குறைவது, பாதம் இழுபடுவது, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போவது, சலமோ மலமோ போவது தெரியாமல் இருப்பது அல்லது சலம் போகாமல் அடைபடுவது, முதுகு வலியோடு காய்ச்சல், விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி. இவற்றுக்கு ஒத்தடம் இல்லை, ஆஸ்பத்திரிதான். டிக்கோயா, நுவரெலியா, எது கிட்டவோ அங்கே போங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடிவயிற்றில், கவட்டில் கட்டி மாதிரி புடைத்துத் தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதையும் காட்டுங்கள். அந்தக் கட்டி உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

வேலை நேரத்தில் அடிபட்டால் அன்றைக்கே கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் சொல்லி, டிஸ்பென்சரியில் பதிந்துகொள்ளுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நம்முடைய நாட்டில் இருக்கிறது. வேலையினால் வந்த விபத்துக் காயத்துக்கு நட்டஈடு கேட்க அது வழி வைத்திருக்கிறது. எழுத்தில் இல்லாத காயத்தைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். நான் கடையில் அடிபட்டபோது யாரிடமும் எழுதி வைக்கவில்லை. ஒரு சதமும் கிடைக்கவில்லை. 1967இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் அமைப்பு ஒரு சமவாயம் செய்தது. சுகத்துக்குக் கேடு தரும் பாரத்தை எந்தத் தொழிலாளியையும் தூக்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே "இது எனக்குப் பாரம், ஒரு ஆள் வேணும்" என்று சொல்வது சோம்பேறித்தனம் இல்லை.

அம்மாவின் கதை

இப்போது அம்மாவின் விஷயம். அவர்களிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லுடா, நாலு பொம்பளைப் புள்ளைங்க தப்பிக்கட்டும்" என்றார்கள். அதோ, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

1991இல் என் தங்கச்சி பிறந்தாள். பதினெட்டாம் நாள் அம்மா பீலிக்குப் போனார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. நான் சின்னப் பையன், அப்பா காட்டுத் தொங்கலில் வேலை. அன்றைக்கு நிறைகுடத்தைத் தூக்கும்போது அடிவயிற்றில் ஏதோ இறங்கின மாதிரி இருந்ததாம். கருப்பை கீழே இறங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். அதோடேயே கொழுந்தெடுத்தார்கள், விறகு சுமந்தார்கள். 2006இல் நான் படுத்தபோது எனக்குத் தண்ணீரும் தூக்கினார்கள். 2017இல் சலம் அடைத்துப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம். ஒப்பரேசன் செய்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "மகன், அம்மா இவ்வளவு காலம் எப்படி நடந்தாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மருத்துவிச்சி அம்மா என்னிடம் சொல்லச் சொன்னது இது. பிள்ளை பெற்று ஆறு வாரம் வரைக்கும் அந்தப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தாய் தூக்கக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் கேனும் விறகும் வேண்டாம். சலத்தை அடக்குகிற மாதிரி அடிப்பகுதியை இறுக்கி, ஐந்து எண்ணி விட வேண்டும். ஒரு நேரத்துக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நேரம். கொழுந்து எடுத்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. இருமும்போது சலம் கசிந்தால், அடியில் ஏதோ தட்டுப்படுகிற மாதிரி இருந்தால், வெட்கப்படாமல் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே சொன்னால் ஒப்பரேசன் இல்லாமலும் சுகப்படுத்த வழி இருக்கிறது.

ஆண்களே, இது உங்களுக்கும்தான். பிள்ளை பிறந்த வீட்டில் ஆறு வாரத்துக்குத் தண்ணீர் எடுப்பது உங்கள் வேலை. பீலியில் நிற்கிற ஆம்பளையைப் பார்த்து யாராவது சிரித்தால், என்னைக் காட்டுங்கள். நான் இப்போது தினமும் நிற்கிறேன், பத்து லீட்டர் கேன் இரண்டோடு.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். அந்தச் சிரசில் சுமை ஏற்றுகிற நமக்கு இடுப்பும் பிரதானம்தான். வெள்ளிக்கிழமை மூட்டை இறங்கும்போது பார்ப்போம். ஒத்தையில் தூக்குகிறவனுக்கு அம்மனுக்கு முன்னாலேயே ஏச்சு விழும். இரண்டு பேராகத் தூக்குகிறவர்களுக்கு முதல் பந்தியில் இலை.